முள்கம்பி போட்ட நிலத்தில் குதிரையை அவிழ்த்துவிடலாமா?

கேள்வி:
எங்கள் பெண் குதிரை இதுவரை லாயத்திலேயே வளர்ந்தவள். இப்போது ஒன்றரை ஏக்கர் நிலம் கிடைத்திருக்கிறது. பகல் முழுக்க அவிழ்த்துவிட ஆசை. முன்பு மாடு மேய்ந்த இடம் என்பதால் சுற்றிலும் முள்கம்பி, ஓர் ஓரத்தில் வரிசையாக அரளி. "மாட்டுக்கு ஆன இடம் குதிரைக்கு ஆகாதா?" என்கிறார்கள் வீட்டில். எதை முதலில் சரிசெய்வது?

பதில் 1:
அரளியைத்தான், வேரோடு. ஒரு கைப்பிடி இலை போதும், குதிரையின் இதயமே நின்றுவிடும். குதிரைக்கு வாந்தி வராது, அதனால் உள்ளே போன விஷம் வெளியே வர வழியில்லை. பச்சை இலையைக் கசப்பினால் ஒதுக்கும் குதிரைகூட, காய்ந்த சருகு புல்லோடு கலந்துவிட்டால் தின்றுவிடும். வெட்டியதை அங்கேயே குவித்து வைக்காதீர்கள், எரிக்கவும் வேண்டாம், புகையும் விஷம்தான்.

அடுத்தது முள்கம்பி. மாடு கம்பியில் பட்டால் பெரும்பாலும் பின்வாங்கிவிடும். குதிரை மிரண்டால் ஓடும், கால் சிக்கினால் உதறி இழுக்கும். முன்னங்கால் முட்டிக்குக் கீழே தடவிப் பாருங்கள்: தோல், தசைநாண், எலும்பு, அவ்வளவுதான். நான் பார்த்துக்கொள்ளும் குதிரை ஒன்றுக்குக் கணுக்காலுக்கு மேல் தோல் கிழிந்து மடிந்து தொங்கியது. புண்ணிலிருந்து சதை பிதுங்கி வளர்ந்துகொண்டே இருந்தது, ஆற மாதக்கணக்கானது. மரச்சட்டம் போடுங்கள், இல்லையென்றால் தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும் அகலமான மின்வேலி நாடா. உயரம் நாலரை அடியாவது வேண்டும். கழற்றிய கம்பித் துண்டு ஒன்றுகூடப் புல்லுக்குள் கிடக்கக் கூடாது. ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசியும் போட்டுவிடுங்கள், அந்த நோய் குதிரையைச் சுலபமாகப் பிடிக்கும்.

பதில் 2:
தலைக்கயிற்றைக் கழற்றிவிட்டு மேயவிடுங்கள், எதிலாவது மாட்டிக்கொள்ளும். தண்ணீர் நாளுக்கு 30 முதல் 50 லிட்டர் வரை குடிக்கும், வெயிலில் இன்னும் கூடும். அக்கம்பக்கத்தார் வெட்டிய புல்லை வேலிக்குள் கொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குவியலில் புளித்த புல் கடும் வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும். அப்புறம், தனியாக விடாதீர்கள். கூட்டமாக வாழும் பிராணி, துணைக்கு இன்னொரு குதிரை இருந்தால்தான் நிம்மதியாக மேயும்.

கேட்டவர்:
நன்றி. அரளியை நாளைக்கே எடுக்கிறேன். வேலி முடிந்ததும் முழுநாளும் விடலாமா?

பதில் 1:
வேண்டாம். உலர்புல் தின்று பழகிய வயிறு அது. முதல் நாள் அரைமணி நேரம், அதுவும் வழக்கமான தீனி வைத்த பிறகு. அப்புறம் இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். திடீரென்று இளம்புல் நிறையத் தின்றால் குளம்புக்குள் அழற்சி வரும். தினமும் குளம்பைச் சுத்தம் செய்யும்போதே உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வழக்கத்தைவிடச் சூடாக இருந்து, முன்னங்காலை நீட்டி எடையைப் பின்பக்கம் சாய்த்து நின்றால், உடனே புல்லிலிருந்து வெளியே கொண்டுவந்து மருத்துவரைக் கூப்பிடுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.