ஆங்கில உயிரொலிகளுக்கு நெடில், குறில் பொருந்துமா? 'பெயரொலி', 'இயல்பொலி': ஒரு முன்மொழிவு

அன்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் சொல்லும் 'லாங் வவல்', 'ஷார்ட் வவல்' இரண்டுக்கும் நெடில், குறில் என்றே வைத்துக்கொள்ளலாம் என்ற கருத்து பலரிடம் இருக்கிறது. சிங்கப்பூரில் பாலர்பள்ளியிலும் தொடக்கநிலை ஒன்றிலும் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்காகத் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதிவருகிறேன். அந்தப் பணியில் இக்கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

நமக்குக் குறிலும் நெடிலும் கால அளவைக் குறிப்பவை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை. 'படம்', 'பாடம்' என்று சொல்லிப் பார்த்தால் முதல் உயிரின் நீட்டமே பொருளைப் பிரிக்கிறது என்பது சிறு பிள்ளைக்கும் விளங்கும். ஆங்கில வகுப்பில் நடப்பது வேறு. பி, ஐ, என் என்ற மூன்றெழுத்தும் சேர்ந்தால் 'பின்'. அதில் வருவது 'ஷார்ட் ஐ'. கடைசியில் ஓர் ஈ சேர்ந்தவுடன் அது 'பைன்' ஆகிறது. அதில் வருவது 'லாங் ஐ'. இகரம் நீண்டால் ஈகாரம் வரும் என்றுதான் தமிழ் படிக்கும் பிள்ளை எதிர்பார்க்கும். ஆனால் அதன் காதில் விழுவது ஐகாரம். 'இது நெடில்' என்று நாம் சொல்லிக்கொடுத்தால், தமிழ் வகுப்பில் சரியாகப் படித்த பிள்ளைதான் முதலில் குழம்பும்.

அகரத்தில் சிக்கல் இன்னும் ஆழமானது. தொப்பியைக் குறிக்கும் சி, ஏ, பி என்ற சொல்லையும், அதன் இறுதியில் ஈ சேர்ந்து நிலமுனையைக் குறிக்கும் சொல்லையும் நாம் தமிழில் 'கேப்' என்றே எழுதுகிறோம். முன்னதில் இருப்பது ஆங்கில ஆசிரியருக்கு 'ஷார்ட்', நம் எழுத்திலோ நெடில். 'கார்' என்ற சொல்லில் வரும் ஆகாரம் ஒலியளவில் நீண்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும் எந்த ஆங்கில ஆசிரியரும் அதை 'லாங் ஏ' என்று சொல்வதில்லை.

ஒலியியல் நோக்கில் பார்த்தாலும் ஆங்கில உயிர்களின் கால அளவு நிலையானதன்று. இலையைக் குறிக்கும் 'லீஃப்', விடுப்பைக் குறிக்கும் 'லீவ்' இரண்டிலும் இருப்பது ஒரே உயிர். ஆனால் பின்னால் ஒலிப்புள்ள மெய் (குரல்நாண் அதிரப் பிறக்கும் மெய்) வரும் 'லீவ்' என்பதில் அது தெளிவாக நீள்கிறது. ஒலிப்பில்லா மெய் (அந்த அதிர்வின்றிப் பிறக்கும் மெய்) வரும் 'லீஃப்' என்பதிலோ, வாழ்தலைக் குறிக்கும் 'லிவ்' என்பதன் இகரத்துக்கு ஏறக்குறைய நிகராகும் அளவுக்குக் குறுகிவிடுகிறது. சிங்கப்பூர் ஆங்கிலத்தில் பலருடைய பேச்சில் 'ஷிப்', 'ஷீப்' இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. நீட்ட வேறுபாடே கேட்காத சூழலில் வளரும் பிள்ளைக்கு, நீட்டத்தை வைத்து எழுத்துக்கூட்டலை எப்படி விளக்க முடியும்?

பிறகு ஏன் 'லாங்', 'ஷார்ட்' என்ற பெயர்கள் வந்தன? ஒருகாலத்தில் அவை முற்றிலும் பொருந்தியவை. 1400-ஐ ஒட்டிய காலத்தில், இன்று 'நேம்' என்று ஒலிக்கும் சொல்லில் இருந்தது மெய்யான ஆகாரம். இன்றைய 'டைம்' என்பதில் இருந்தது மெய்யான ஈகாரம். அதன்பின் ஏறத்தாழ 1700 வரை நடந்த மாற்றத்தில் நீண்ட உயிர்கள் அனைத்தும் இடம்பெயர்ந்தன. இதற்குப் 'பெரும் உயிர்ப்பெயர்ச்சி' என்று பொருள்படும் பெயரை வைத்தவர் டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன். வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் தொடங்கியபின் எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்துபோக, ஒலி மட்டும் நகர்ந்துகொண்டே சென்றது. நீளம் என்ற பெயர் அந்தப் பழைய நிலையின் எச்சம். அந்த வரலாறு நம் மொழியில் நிகழாதபோது, அதன் எச்சத்தை நாம் மொழிபெயர்த்துச் சுமக்க வேண்டியதில்லை.

ஆகவே 'லாங் வவல்' என்பதற்குப் 'பெயரொலி' என்ற சொல்லை முன்வைக்கிறேன். எழுத்து தன் பெயராகவே ஒலிப்பதால் அது பெயரொலி: ஏ, ஈ, ஐ, ஓ, யூ. மற்றதற்கு 'அடைப்பொலி' என்று முதலில் எண்ணினேன், ஏனெனில் அது பெரும்பாலும் மெய்யால் அடைபட்ட அசையில் வருகிறது. ஆனால் அச்சொல் ப, த, க முதலியவற்றுக்கு மொழியியலில் ஏற்கெனவே வழங்குகிறது. 'குற்றுயிர்' இலக்கணத்தில் உள்ளதுதான். ஆயினும் செய்தித்தாளில் 'குற்றுயிரும் குலையுயிருமாக' என்று படித்துப் பழகிய பெற்றோருக்கான கையேட்டில் அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. 'இயல்பொலி' என்பதே நிறைவாக இருக்கிறது. மாற்றம் ஏதுமின்றிச் சொற்கள் சேர்வதை இயல்பு புணர்ச்சி என்கிறோம்; அதுபோல, பக்கத்து எழுத்து எதுவும் மாற்றாதபோது உயிரெழுத்து தரும் ஒலி இது. மேலும், பெயர்ச்சிக் காலத்தில் பெரும்பாலும் தம் இடத்திலேயே நின்றவையும் இந்த ஒலிகள்தாம் என்பதால், வரலாற்றுக்கும் இச்சொல் பொருந்துகிறது.

பெயரொலிகள் ஐந்தும் தமிழில் நெட்டெழுத்தாலேயே எழுதப்படுகின்றன, பிறகு நெடில் என்பதில் என்ன தவறு என்ற வினா நியாயமானது. எதிர்த்திசையில் பார்த்தால் அது நிற்பதில்லை என்பதே என் விடை: 'கார்', 'மூன்' ஆகியவற்றின் உயிர்கள் நெடில்தான், ஆனால் பெயரொலி அல்ல. யூ என்பது 'க்யூட்' என்பதில் முழுமையாகவும், 'ரூல்' என்பதில் யகரம் நீங்கியும் வருவதை மட்டும் கையேட்டில் தனியே குறிப்பிட வேண்டும். நெடில், குறில் இரண்டையும் உண்மையான கால அளவைப் பேசும் ஒலியியல் கட்டுரைகளுக்கே விட்டுவைக்கலாம்.

எஞ்சியிருப்பது, தான் ஒலிக்காமல் முன்னுள்ள உயிரைப் பெயரொலியாக்கும் இறுதி எழுத்து. 'மேஜிக் ஈ' என்று பிள்ளைகள் சொல்லும் அதற்கு 'ஒலியா ஈ' என்று எழுதியிருக்கிறேன். இதனினும் பொருத்தமான சொல் இருப்பின், கையேடு அச்சுக்குப் போகும் முன் தெரிவிக்க வேண்டுகிறேன்.