மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் கிளாக்கோமாவுக்குக் காட்டியவர்கள் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 63 வயது, ஊர் சிவகங்கை பக்கம். ஆறு மாதமாகப் பக்கவாட்டில் வருகிற ஆள் தெரிவதில்லை, நிலைப்படியில் இடித்துக்கொள்கிறார். பக்கத்து டவுனில் காட்டினோம். கண்ணாடியை மாற்றி அனுப்பிவிட்டார்கள். போன வாரம் ஊரில் நடந்த கண் முகாமில்தான் கண் பிரஷர் அதிகம், கண் நரம்பைக் கெடுக்கிற கிளாக்கோமாவாக இருக்கலாம் என்றார்கள். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

வியாழக்கிழமை அண்ணா நகர் அரவிந்துக்குக் கூட்டிப் போகிறோம். 1976-இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை. தாத்தாவுக்குக் கண்புரை ஆபரேஷன் காசு வாங்காமல் அங்கேதான் நடந்தது. அந்த நன்றி எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது.

கிளாக்கோமா பிரிவுக்கு நேராகப் போகலாமா, பொதுப் பரிசோதனை முடிந்துதான் அனுப்புவார்களா? இலவசப் பிரிவில் பதிந்தாலும் அந்தச் சிறப்பு மருத்துவரைப் பார்க்கலாமா? பக்கவாட்டுப் பார்வையைப் பார்க்கிற ஃபீல்டு டெஸ்ட் அன்றே முடியுமா, இரவு தங்க வேண்டிவருமா? கிளாக்கோமா குடும்பத்தில் வரக்கூடியது என்பதால் சித்தியையும் கூட்டிப் போகிறோம்.

அப்புறம், அக்கா மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கிராமத்துப் பெண்களுக்கு அங்கே இரண்டு வருடம் கண் பராமரிப்புப் பயிற்சி தருகிறார்களே, அதற்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும்? அங்கே பயின்ற அக்கா, தங்கை யாராவது இருந்தால் அவளிடம் நாலு வார்த்தை பேசுங்கள். ரொம்ப ஆசையாக இருக்கிறாள்.