டூட்டி ஃப்ரீயில் வாங்கும் முன்: முதல் லீவுக்குச் சென்னை வருகிறவர்களுக்கு

எங்கள் வீடு நங்கநல்லூரில், ஏர்போர்ட்டுக்குப் பக்கம். அதனால் வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரப் பிள்ளைகள் பலரும் முதலில் பெட்டியைத் திறப்பது எங்கள் கூடத்தில்தான். நானே 9 வருடம் சிங்கப்பூரில் இருந்துவிட்டுத் திரும்பியவன், என் தம்பி இன்னும் ஷார்ஜாவில் இருக்கிறான். முதல் லீவுக்கு வருகிறவர்கள் ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். நாலைந்து மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததைக் கடைசி ஒரு மணி நேரத்தில், போர்டிங் அறிவிப்பு காதில் விழுந்துகொண்டிருக்கும்போது, டூட்டி ஃப்ரீ கடையில் கொட்டிவிட்டு வருகிறார்கள். வாடகை அட்வான்ஸ், ஏஜென்ட் கடன் எல்லாம் தலைக்கு மேல் இருக்கும் நேரத்தில் அந்தப் பில்லைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டூட்டி ஃப்ரீ என்றால் வரி இல்லை என்றுதான் பொருள், மலிவு என்று பொருள் இல்லை. நீங்கள் வேலை செய்யும் ஊருக்குள் எந்தப் பொருளுக்கு வரி கனமாக இருக்கிறதோ அதற்குத்தான் ஏர்போர்ட்டில் லாபம். சிங்கப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே விஸ்கி மாதிரியான சரக்குக்கு, அதில் இருக்கும் ஆல்கஹால் லிட்டருக்கு 88 டாலர் வரி. 40 சதவீதம் உள்ள ஒரு லிட்டர் பாட்டில் என்றால் வரி மட்டும் 35 டாலர் 20 காசு, அதற்கு மேல் 2024 ஜனவரியிலிருந்து ஜிஎஸ்டி 9 சதவீதம். இவ்வளவும் கழிந்தால் கண்டிப்பாகக் கணிசமாகக் குறையும். சாக்லேட்டுக்கு அந்த மாதிரிக் கனமான வரி கிடையாது, கழிவது ஜிஎஸ்டி ஒன்றுதான். அதையும் ஏர்போர்ட் கடை தன் விலையில் ஏற்றிவிட்டால் உங்களுக்கு என்ன மிச்சம்?

ஆகவே சாக்லேட்டை ஊருக்குள்ளேயே வாங்குங்கள். சிங்கப்பூரில் முஸ்தபா, வளைகுடாவில் லூலூ, எங்கே இருந்தாலும் பக்கத்துச் சூப்பர் மார்க்கெட். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு நடை போய், விலைச் சீட்டை எடையோடு சேர்த்துப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எடை முக்கியம், ஏனென்றால் ஏர்போர்ட்டில் இருக்கும் பெரிய டப்பா ஊருக்குள் கிடைக்காது, அதனால் டப்பாவுக்கு டப்பா ஒப்பிட முடியாது, 100 கிராமுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால்தான் தெரியும். அப்புறம் கோடாலித் தைலம். பாட்டி, பெரியம்மா, எதிர்வீட்டு மாமி வரைக்கும் கேட்பார்கள், நாம் கொண்டு வருவதில் அவர்களுக்கு நிஜமாகவே பயன்படுவது அதுதான் என்று நான் நினைக்கிறேன். அதையும் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் டஜன் கணக்கில் வாங்கிச் செக்-இன் பெட்டியில் போடுங்கள்.

போன், கேமரா, ஹெட்போன் விஷயத்தில் என் கருத்து ஒன்றுதான்: ஏர்போர்ட்டில் வேண்டாம். ஊருக்குள் தள்ளுபடி வரும்போது கிடைக்கும் விலை அங்கே அநேகமாகக் கிடைக்காது. வாரன்ட்டி இந்தியாவில் செல்லுமா என்று நின்று நிதானமாகக் கேட்கவும் அங்கே நேரம் இருக்காது.

இன்னொன்று, புதிதாகப் போனவர்கள் கவனிக்கத் தவறுவது. வேலை பாஸ் அல்லது ரெசிடென்ட் விசா கையில் வந்த பிறகு அந்த நாட்டில் நீங்கள் டூரிஸ்ட் இல்லை. சிங்கப்பூரில் ஒரு கடையில் 100 டாலருக்கு மேல் வாங்கினால் சாங்கி ஏர்போர்ட்டில் ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். டூரிஸ்டுக்கு அது சரி, வேலை பாஸில் இருக்கும் உங்களுக்குக் கிடையாது. அமீரகத்திலும் அப்படித்தான்: 250 திர்ஹமுக்கு மேல் வாங்கும் டூரிஸ்டுக்குத்தான் வாட் வரியில் 85 சதவீதம் திரும்ப வரும், அதிலும் ஒரு பில்லுக்கு 4.80 திர்ஹம் கழித்துக்கொள்வார்கள். அங்கே குடியிருப்பவருக்கு அது இல்லை. அம்மா அப்பா உங்களைப் பார்க்க டூரிஸ்ட் விசாவில் வந்தால் அவர்கள் தங்களுக்கு வாங்கும் நகைக்கோ துணிக்கோ இதைத் தாராளமாகக் கேட்கலாம். அவர்களே வாங்க வேண்டும், பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், பொருளை அவர்களே எடுத்துப் போக வேண்டும். லண்டன் பக்கம் போகிறவர்களுக்கு இந்தப் பேச்சே இல்லை, பிரிட்டனில் 2021 ஜனவரியோடு வட அயர்லாந்து தவிர மற்ற இடங்களில் கடைகளில் வாங்குவதற்கு வாட் திரும்பத் தருவதை நிறுத்திவிட்டார்கள்.

இனி என் தங்கைக்கு வாங்கிய சென்ட் கதை. அவள் கல்யாணத்துக்கு வரும்போது 125 மில்லி பாட்டில் ஒன்று வாங்கினேன். ஓரத்தில் சிவப்புப் பட்டை போட்ட கண்ணாடி மாதிரிப் பையில், பில் வெளியே தெரியும்படி உள்ளே வைத்து, சீல் வைத்துத் தந்தார்கள். அது எதற்கு என்று எனக்குத் தெரியாது. விமானத்தில் உட்கார்ந்ததும், இவ்வளவு பெரிய பை எதற்கு என்று கிழித்து, பாட்டிலை மட்டும் தோள்பையில் வைத்துக்கொண்டேன். நடுவில் விமானம் மாற வேண்டியிருந்த ஊரில் மறுபடி செக்யூரிட்டி. சோதனை செய்த அம்மா பாட்டிலைத் திருப்பி 125 என்ற எண்ணை விரலால் தொட்டுக் காட்டினார், அப்புறம் என் கண் முன்னாலேயே தொட்டியில் போட்டார். பெரும்பாலான ஏர்போர்ட்டுகளில் கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட சென்ட் பாட்டில் போகாது, சீல் உடையாத டூட்டி ஃப்ரீ பையில் இருந்தால்தான் விடுவார்கள். கடைசி ஊர் வந்து சேரும் வரைக்கும் அந்தப் பையைத் திறக்கவே கூடாது. இரண்டு விமானம் பிடிக்கிறவர்கள் சென்ட் வாங்கினால் 100 மில்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இறங்கி இன்னொரு உள்நாட்டு விமானம் ஏறுகிறவர்கள், முதல் ஊரில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்கும்போதே பாட்டிலைப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

சரி, சென்னைப் பக்கம் வருவோம். மதுபானம் வரி இல்லாமல் ஒருவருக்கு 2 லிட்டர் கொண்டு வரலாம். ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு என்றால் கச்சிதம், 750 மில்லி பாட்டில் மூன்று வாங்கினால் 2.25 லிட்டர் ஆகி வரம்பைத் தாண்டிவிடும், ஆஃபர் பலகையைப் பார்த்து இதில் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். மாமனாருக்கோ சித்தப்பாவுக்கோ என்றால், சென்னையில் இறங்கிப் பெட்டிக்குக் காத்திருக்கும் இடத்துப் பக்கமே டூட்டி ஃப்ரீ கடை இருக்கிறது, அங்கேயே வாங்கிவிடலாம். வழியெல்லாம் கண்ணாடியைத் தூக்கிச் சுமக்க வேண்டாம், சீல் பற்றிய கவலையும் இல்லை. இரண்டு இடத்து விலையையும் முன்கூட்டியே அந்தந்தக் கடையின் இணையதளத்தில் பாருங்கள்.

மற்ற பொருள்களுக்கு வரி இல்லாத வரம்பாக, இந்தியச் சுங்கத்தின் 2016 பேக்கேஜ் விதிகளில் ஒருவருக்கு 50,000 ரூபாய் என்று வைத்திருந்தார்கள். இந்தத் தொகையை அவ்வப்போது மாற்றுவார்கள், ஆகையால் டிக்கெட் போடும்போதே சுங்கத்துறை தளத்தில் அன்றைய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். 18 வயதானவருக்கு ஒரு லேப்டாப் தனி. ஆனால் குடும்பத்தில் நாலு பேர் வருகிறோம், நாலு பேர் கணக்கையும் சேர்த்து ஒரே விலை உயர்ந்த போனைக் கொண்டு வருகிறோம் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஒருவர் வரம்பை இன்னொருவரோடு சேர்க்க முடியாது. டிவி 2013 ஆகஸ்டிலிருந்தே இந்த வரம்புக்குள் வராது, வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

வரி இல்லாமல் தங்க நகை எவ்வளவு கொண்டு வரலாம் என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவருக்குத்தான் சலுகை, ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம், அதுவும் நகையாக இருக்க வேண்டும். தங்கக் காசு, தங்க பிஸ்கட் இதில் சேராது. இங்கிருந்து கல்யாண நகையைப் போட்டுக்கொண்டு போகிறவர்கள், கிளம்பும் அன்று சற்று முன்னதாகவே மீனம்பாக்கம் வந்து சுங்க அதிகாரியிடம் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது இது நம் வீட்டு நகைதான் என்று காட்ட அந்தத் தாள்தான் பேசும். வரம்பைத் தாண்டிய பொருள் இருந்தால் வரி கட்ட வேண்டியவர்களுக்கான சிவப்பு வழியில் நேராகப் போய்ச் சுங்க அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள். ஒன்றும் இல்லை என்று பச்சை வழியில் போய் மாட்டினால் அபராதம் ஒரு பக்கம், வேலைக்குத் திரும்பும் தேதி நெருங்கும்போது வரும் மன உளைச்சல் ஒரு பக்கம்.

இந்திய வங்கி கார்டைத் தேய்க்கும்போது மெஷினில் ரூபாயில் கட்டவா, உள்ளூர்க் காசில் கட்டவா என்று கேட்கும். ரூபாயைப் பார்த்ததும் கை தானாக அதில் போகும். உள்ளூர்க் காசையே தொடுங்கள், ரூபாய் என்றால் மாற்று விகிதத்தைக் கடைப் பக்கம்தான் தீர்மானிப்பார்கள். இந்திய வங்கி கார்டாக இருந்தால் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரைக்கும்கூடப் பிடிப்பார்கள், அதனால் அங்கே சம்பளம் வரும் கணக்கின் கார்டையே பயன்படுத்துங்கள்.

கனடா, ஆஸ்திரேலியாவில் இருந்து வருகிறவர்கள் அங்கே எந்தப் பொருளுக்கு வரி கனம், எதை ஊருக்குள் வாங்கினால் லாபம் என்று எழுதினால் அடுத்த பொங்கலுக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்கு உதவும்.