சைபர்மேன்களை மறுபடி வடிவமைப்பதானால் எந்த முகத்திலிருந்து தொடங்க வேண்டும்?

கார்முகில்:

பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரான டாக்டர் ஹூவில் வில்லன்களாக வரும், உடலுறுப்புகளை இயந்திரமாக மாற்றிக்கொண்ட சைபர்மேன்கள் 1966 அக்டோபரில் ‘தி டென்த் பிளானட்’ கதையில் முதன்முதலாகத் தோன்றியதிலிருந்து எத்தனையோ முறை உருமாறிவிட்டார்கள். தலையின் இருபுறமும் கைப்பிடி போல வளைந்து நிற்கும் குழாய்களைத் தவிர, ஒரு காலத்து வடிவத்துக்கும் இன்னொரு காலத்து வடிவத்துக்கும் பொதுவாக எஞ்சியிருப்பது குறைவு. அதே தொடரின் இன்னொரு எதிரிக் கூட்டமான டாலெக்குகளின் கதை வேறு. ரேமண்ட் கியூசிக் 1963இல் தந்த உருவத்தை 2010இல் பெரிதாக்கிப் பளிச்சென்ற வண்ணங்களில் கொண்டுவந்தபோது ரசிகர்களில் பலர் முகம் சுளித்தார்கள். 2012இல் முந்தைய வெண்கல நிற டாலெக்குகளே மீண்டும் முன்வரிசைக்கு வந்துவிட்டன. சைபர்மேன்களுக்கோ எல்லோரும் ஒப்புக்கொள்ளும் மூல உருவம் என்று ஒன்று இல்லை. 2013இல் ‘நைட்மேர் இன் சில்வர்’ கதைக்காகச் செய்த வடிவம் நேர்த்தியானது, கண்ணுக்கு அழகானது, ஆனால் அதைப் பார்த்து எனக்கு அச்சம் வரவில்லை. அடுத்த வடிவமைப்பாளர் எதைக் காப்பாற்ற வேண்டும், எதைக் கைவிட வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

செங்காந்தள்:

அச்சம் வராததற்குக் காரணம், அந்தப் பளபளப்பில் மனிதன் மிச்சமில்லாமல் போனதுதான். சைபர்மேன்களை ஜெரி டேவிஸுடன் சேர்ந்து உருவாக்கிய கிட் பெட்லர் ஒரு மருத்துவ ஆய்வாளர். பழுதான உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்குப் பிறகு எஞ்சியிருப்பவன் மனிதன்தானா என்ற கவலையிலிருந்துதான் இந்தப் பாத்திரங்கள் பிறந்தன. கதைப்படி சைபர்மேன்கள், மொண்டாஸ் என்ற கோளில் உயிர் பிழைப்பதற்காகத் தங்கள் உடலைத் தாங்களே மாற்றிக்கொண்டவர்கள். அவர்களை ரோபோக்கள் என்று எண்ணி வரையத் தொடங்குகிற எவரும் முதல் கோட்டிலேயே வழி தவறிவிடுகிறார்.

சாண்ட்ரா ரீட் வடிவமைத்த அந்த முதல் உடையை நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். முகத்தின்மேல் இழுத்துப் போர்த்திய துணி, கண்களுக்கும் வாய்க்கும் வெறும் துளைகள், தலைமேல் ஒரு விளக்கு, மார்பில் கனத்த கருவிப்பெட்டி, அத்தனைக்கும் கீழே உறை எதுவும் இல்லாத மனிதக் கைகள். பேசும்போது வாய் திறந்து அப்படியே நிற்கும், உதடுகள் அசையா, ஏற்ற இறக்கங்கள் எல்லாம் தவறான சொற்களில் விழும் ஒரு குரல் அந்தத் துளையிலிருந்து வரும். கிரெயில், டாலன் என்று அவர்களுக்குப் பெயர்கள்கூட இருந்தன. அறுவை முடிந்து கட்டுப் பிரிக்காத நோயாளி எழுந்து நடந்து வருவதைப் பார்ப்பது போல இருக்கிறது, அதுதான் அதன் பலம். அடுத்த ஆண்டே ‘தி மூன்பேஸ்’ கதையில் துணி போய் உலோக முகம் வந்தது, கைகளும் மூடப்பட்டன. இழப்பு அங்கேயே தொடங்கிவிட்டது என்பது என் உறுதியான கருத்து.

தூரதேசி:

முதல் வடிவத்தின்மீது எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் உலோக முகம் வந்ததால் அச்சம் போயிற்று என்பதை என்னால் ஏற்க முடியாது. 1967இல் ‘தி டூம் ஆஃப் தி சைபர்மென்’ கதையில் உறைந்த கல்லறை அறைகளின் மெல்லிய திரையைக் கிழித்துக்கொண்டு அவர்கள் ஒவ்வொருவராக வெளியே இறங்கும் காட்சியையும், 1968இல் ‘தி இன்வேஷன்’ கதையில் லண்டன் செயின்ட் பால் தேவாலயப் படிக்கட்டுகளில் அணியாக இறங்கி வரும் காட்சியையும் துணி முகங்களோடு எண்ணிப் பார்க்க எனக்கு இயலவில்லை. கூட்டமாக வரும்போது எல்லா முகமும் ஒன்றாக இருப்பதே அங்கே மிரட்டல்.

2006ஆம் ஆண்டு வடிவத்தையும் பலர் வெறும் இரும்புக் கவசம் என்று தள்ளிவிடுகிறார்கள். கனத்த நடையும் ஓயாத ‘டெலீட்’ முழக்கமும் சலிப்பூட்டின என்பது உண்மைதான். ஆனால் அந்த வடிவம் அறிமுகமான கதையின் இரண்டாம் பகுதியில், வீழ்ந்து கிடக்கும் ஒரு சைபர்மேனின் உணர்ச்சித் தடுப்புக் கருவி செயலிழந்ததும், உள்ளிருந்து பேசுவது சாலி என்ற இளம்பெண் என்று தெரிய வருகிறது. மறுநாள் அவளுக்குத் திருமணம். குளிர்கிறது என்கிறாள், திருமணத்துக்கு முந்தைய இரவில் மணமகன் தன்னைப் பார்த்துவிடக் கூடாதே என்று கவலைப்படுகிறாள். அந்தக் காட்சி நெஞ்சை அறுப்பதற்குக் காரணமே வெளியில் மனித அடையாளம் எதுவும் தெரியாததுதான். கைகள் முன்பே தெரிந்திருந்தால் அந்த அதிர்ச்சி பாதியாகியிருக்கும்.

நெய்தல்:

இருவருக்கும் நடுவில் 1982இன் ‘எர்த்ஷாக்’ வடிவம் இருக்கிறது. முகமூடியின் தாடைப் பகுதியை மட்டும் ஒளி ஊடுருவும்படி செய்து, வெள்ளி வண்ணம் பூசிய தாடை உள்ளே அசைவதைத் தெரியவிட்டார்கள். உடை சுமார்தான், அந்த ஓர் எண்ணம் மட்டும் அருமையானது, அதற்குப் பிறகு யாரும் அதை முறையாகத் தொடரவில்லை என்பது எனக்குப் பெரிய குறை.

செங்காந்தள்:

தூரதேசி சொன்ன சாலியின் காட்சியை மறுக்க மாட்டேன்; ஆனால் அந்த அதிர்ச்சி ஒரு முறைதான் பலிக்கும். கவசத்துக்குள் ஆள் இருக்கிறார் என்று பார்வையாளருக்குத் தெரிந்துவிட்ட பிறகு, ஒவ்வொரு கதையிலும் அதைப் புதிதாகத் திறந்து காட்டிக்கொண்டிருக்க முடியாது. துணி முகத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை என்பதை 2017இல் ‘வோர்ல்ட் இனஃப் அண்ட் டைம்’ காட்டிவிட்டது. முகம் மூடப்பட்ட நோயாளிகள் மருத்துவமனைக் கூடத்தில் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். ஒருவர் பொத்தானை அழுத்தி, வலிக்கிறது என்று இயந்திரக் குரலில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். செவிலி வந்து ஒரு குமிழைத் திருப்பியதும் ஓசை அடங்குகிறது, விரல் மட்டும் பொத்தானை அழுத்துவதை நிறுத்தவில்லை. வலியை அவள் குறைக்கவில்லை, ஒலியைத்தான் குறைத்தாள். தலையின் அந்தக் கைப்பிடிக்கும் அங்கேதான் ஒரு பொருள் கிடைக்கிறது: அது வலியை நீக்குவதற்கு அன்று, வலியைப் பற்றிய அக்கறையை நீக்குவதற்கு.

நெய்தலின் தாடையை நான் மனமார ஏற்கிறேன். அணிவகுப்புக்கு ஒரே மாதிரியான உலோக முகமே இருக்கட்டும், தாடையும் விரல்களும் மட்டும் உடம்பாகத் தெரியட்டும்; தூரதேசியின் படிக்கட்டுக் காட்சிக்கு அதனால் எந்தக் குறையும் வராது.