சாலிட்டேரை நிஜச் சீட்டில் ஆடுவது எப்படி? ஒன்றுகூட முடியவில்லை

கோத்தகிரி மேகம்:
மூன்று நாளாக இங்கே அடைமழை, எங்கேயோ மரம் விழுந்து கரண்ட் போய் இப்போதுதான் வந்தது. போன் அணைந்து கிடந்ததால் அப்பாவின் ரம்மிக் கட்டை எடுத்து சாலிட்டேர் ஆடிப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் எத்தனையோ தடவை ஆடியிருக்கிறேன், ஆனால் நானே அடுக்க உட்கார்ந்தால் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. குத்துமதிப்பாக அடுக்கி ஐந்து ஆட்டம் போட்டேன், ஐந்தும் நடுவிலேயே சிக்கிக்கொண்டது. காலியான இடத்தில் கைக்கு வந்த சீட்டை வைத்தேன், அது சரியா? தனக்குத்தானே சீட்டாடி தனக்குத்தானே தோற்கிறவனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அம்மாயி வேறு சிரிக்கிறார்.

குன்னூர் பழைய ஆள்:
தம்பி, தப்பாக வைத்தால் கம்ப்யூட்டர் சீட்டைத் திருப்பி அனுப்பிவிடும், அதனால் விதி நம் மண்டையில் ஏறவே இல்லை. 1990இல் விண்டோஸ் 3.0வில் சாலிட்டேரைச் சேர்த்தபோது ஜனங்களுக்கு மவுஸைப் பிடித்து இழுக்கக் கை பழகட்டும் என்பதும் ஒரு நோக்கம்.

ஜோக்கரை எடுத்துவிட்டு 52 சீட்டையும் கலைத்துக்கொள். இடமிருந்து வலமாக ஏழு வரிசை, முதலாவதில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, இப்படியே ஏழாவதில் ஏழு. ஒவ்வொன்றிலும் மேலே இருப்பது மட்டும் திறந்திருக்கும். ஆக 28 போச்சு, அதில் 21 கவிழ்ந்து கிடக்கும், மீதி 24 கையில். வரிசையில் இறங்குமுகமாக, நிறம் மாற்றி மாற்றி: கறுப்பு ஏழின் மேல் சிவப்பு ஆறு, அதன் மேல் கறுப்பு ஐந்து. சேர்ந்திருக்கும் கோவையை அப்படியே தூக்கி வேறு வரிசைக்கு மாற்றலாம். ஏஸ் வந்தால் தனியாக மேலே வை, அதன் மேல் அதே ஜாதி (கிளாவர், டைமன் மாதிரி) இரண்டு, மூன்று என்று ராஜா வரை ஏற வேண்டும், நான்கு ஜாதியும் ஏறிவிட்டால் ஜெயிப்பு. கைக்கட்டை ஒவ்வொன்றாகவோ மூன்று மூன்றாகவோ திருப்பலாம், தீர்ந்தால் கலைக்காமல் கவிழ்த்து மறுபடி ஆரம்பி. காலி இடத்தில் ராஜா மட்டும்தான்! நீ வைத்தது கள்ள ஆட்டம், அதிலும் தோற்றிருக்கிறாய் பார்.

பூம்பாறைப் பூண்டு:
மேலே சொன்னது விதி, ஜெயிக்க அது மட்டும் போதாது. கைக்கட்டைவிட கவிழ்ந்து கிடப்பதைத் திறப்பதில்தான் கண் இருக்க வேண்டும். கறுப்பு ஏழுக்கு இரண்டு சிவப்பு ஆறு போட்டி போட்டால், அடியில் ஐந்து சீட்டு மறைந்திருக்கும் வரிசையின் ஆறைத் தூக்குங்கள், ஒன்று மறைந்திருப்பது அப்புறம். போட ராஜா இல்லாமல் ஒரு வரிசையைக் காலி செய்வது வீண். மேலே ஏற்றுவதிலும் அவசரம் வேண்டாம், ஏஸும் இரண்டும் உடனே போகலாம், ஐந்து ஆறெல்லாம் கீழே தேவைப்படும்.

தோற்றதெல்லாம் உங்கள் தப்பும் இல்லை. மூன்று மூன்றாகத் திருப்பும் ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். எந்தச் சீட்டு எங்கே என்று முன்பே தெரிந்து ஆடினால்கூட நூற்றுக்கு 82 வாக்கில்தான் முடிக்க முடியுமாம், நமக்கோ 21 சீட்டு தெரியவே தெரியாது.

அப்புறம் ஒன்று, எங்கள் பக்கம் மேகம் வீட்டுக்குள்ளேயே வரும், சீட்டு நமுத்து ஒட்டிக்கொண்டு ஒன்று திருப்பினால் இரண்டு வரும். முகப்பவுடர் கொஞ்சம் தூவித் துடைத்துவிடுங்கள்.

ஊட்டி ரோஜா:
அதிர்ஷ்டமே வேண்டாம் என்றால் ஃப்ரீசெல் ஆடுங்கள் அண்ணா. எட்டு வரிசை, எல்லாச் சீட்டும் திறந்தே இருக்கும், நான்கு சீட்டைத் தனியே நிறுத்திவைக்க இடம் உண்டு. பழைய விண்டோஸில் இருந்த 32,000 ஆட்டத்தில் 11982ஆம் எண் ஒன்றுதான் முடியாதது. மேசை பெரிதாக வேண்டும், அவ்வளவுதான்.

கோத்தகிரி மேகம்:
பவுடர் போட்டேன், நன்றாக வழுக்குகிறது. நேற்று ராத்திரி மூன்று ஜாதி பாதிக்கு மேல் ஏறிவிட்டது, ஆனால் கிளாவர் இரண்டு ஏழாவது வரிசையின் அடியில் படுத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மாயி எல்லாவற்றையும் வாரி ரம்மிக்குக் கலைத்துவிட்டார்.