கிட்டாங்லாட் ஏற யாரிடம் அனுமதி கேட்பது?

மலைநடையன்:
பிலிப்பீன்ஸின் மின்டனாவ் தீவில், புகிட்னோன் மாகாணத்து கிட்டாங்லாட் மலை ஏறிவிட்டு வந்தேன். 2,899 மீட்டர். அணைந்துபோன எரிமலை, ஆனால் போகும் வழியெல்லாம் பாசி படர்ந்த மரங்கள்தான். பூங்கா அலுவலக அனுமதி, கட்டணம் எல்லாம் முடித்த பிறகும், ஊர்ப் பெரியவர் சடங்கு செய்யாமல் ஏறக் கூடாது என்றார்கள். சடங்கில் அறுக்கும் கோழிக்கும் நாங்கள்தான் காசு கொடுத்தோம். அரை நாள் போய்விட்டது. 2000-ல் தனிச் சட்டம் போட்டுப் பாதுகாத்த மலை அது. சட்டப்படி அனுமதி வாங்கியவன் இன்னொருவரிடம் ஏன் கைகட்டி நிற்க வேண்டும்?

கார்த்திகா:
அந்த இன்னொருவருடைய மலை என்பதால்தான். தலாண்டிக், ஹிகாவுனோன், புகிட்னோன் என்று மூன்று மக்களுக்கு அது பூர்வீக நிலம். பெருவெள்ளத்தில் எல்லாம் மூழ்கியபோது, எலுமிச்சைப் புல் அளவுக்கு மலையின் நுனி மட்டும் தெரிந்ததாம். ‘கிட்டா’ என்றால் தெரிவது, ‘தங்லாட்’ என்றால் எலுமிச்சைப் புல். பிழைத்தவர்களின் வாரிசுகள்தான் தாங்கள் என்று நம்புகிறார்கள். நாம் ஒருவர் வீட்டுக்குப் போனால் வாசலில் நின்று குரல் கொடுக்கமாட்டோமா? அங்கே கோழி அறுத்து, மலையின் காவல் ஆவிகளிடம் உங்களுக்காகக் கேட்கிறார்கள்.
சட்டம் என்கிறீர்கள். பூர்வகுடிகளின் சம்மதத்தைக் கேட்டாக வேண்டும் என்பதும் 1997-ல் வந்த சட்டம்தான்.

மலைநடையன்:
சரி, அப்படியானால் உச்சியில் வரிசையாக நிற்கும் தொலைத்தொடர்பு கோபுரங்கள்? இரண்டு நாள் நடந்து திரும்புகிறவனுக்குச் சடங்கு, கான்கிரீட் போட்டவனுக்கு என்ன? அப்புறம், பூர்வகுடி நிலம் என்றாலே காடு பிழைக்கும் என்று சிலர் சொல்வதையும் என்னால் ஏற்க முடியவில்லை. 2008-ல் அந்தக் காட்டில் விடப்பட்ட ஒரு பிலிப்பீன்ஸ் கழுகை நான்கே மாதத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர் சுட்டுச் சமைத்துவிட்டார். இரண்டு வருடத்துக்கு ஒரு முட்டை இடுகிற பறவை அது!

சுதாகர்:
கழுகு விஷயம் எனக்கும் வலிக்கிறது. ஆனால் ஒருவர் செய்ததை மூன்று மக்கள் மேல் போடாதீர்கள். அந்தக் காட்டைச் சுற்றிவருகிற கிட்டாங்லாட் காவல் தொண்டர்கள் அதே ஊர்களின் விவசாயிகள்.
உண்மையான ஆபத்து கீழேயிருந்து ஏறி வருகிறது. எரிமலை மண், குளிர்ந்த காற்று, இரண்டும் சேர்ந்தால் காய்கறி நன்றாக விளையும். மலையடிவாரத்து லாந்தாபான் ஊர்ப் பக்கம் சோளம், உருளைக்கிழங்கு, முட்டைகோஸ் என்று தோட்டங்கள் சரிவில் மேலே மேலே போயின. அங்கே அரித்த மண் மனுபாலி ஆற்றில் இறங்கி, 255 மெகாவாட் புலாங்கி மின்நிலையத்தின் நீர்த்தேக்கத்தில் படிகிறது. சரிவில் காடு போனால் சமவெளியில் விளக்கு மங்கும். மேலே ஏறாதே என்று சொல்ல ஒரு பெரியவர் இருக்கிற ஊரில் மண்வெட்டி கொஞ்சமாவது தயங்கும்.

மலைநடையன்:
மண்வெட்டி தயங்கும் என்பதை யோசிக்கிறேன். தொண்டர்கள் மீது எனக்குக் குறையே இல்லை, எங்களோடு வந்தவரும் அவர்களில் ஒருவர்தான். ஆனால் கோபுரத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

கார்த்திகா:
அதற்கு என்னிடம் நியாயம் இல்லை. எனக்கும் அது உறுத்துகிறது. பக்கத்து துலாங்-துலாங் 2,938 மீட்டர், அந்நாட்டிலேயே இரண்டாவது உயரம். அதன் தலையிலும் கம்பி நட்டுவிடக் கூடாது என்றால், பெரியவர்கள் ‘இல்லை’ என்று சொல்கிற பழக்கம் உயிரோடு இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை நடைபயணிகளே மீறினால் கம்பெனிக்காரன் ஏன் மதிப்பான்?

மலைநடையன்:
சடங்கு இருக்கட்டும், இனி அதை எதிர்க்கவில்லை. ஆனால் கோழி எத்தனை, எவ்வளவு, யாருக்குப் போகிறது என்று பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். மலையடிவாரத்தில் நின்றபிறகு சொல்வது தவறு. இதில் நான் மாறமாட்டேன்.

கார்த்திகா:
அதில் உங்கள் பக்கம்தான் நான். அடுத்த முறை துலாங்-துலாங் போவதாக இருந்தால் சொல்லுங்கள், கோழியை நான் வாங்குகிறேன்.