பேக்கப் ரூட் இருந்தும் லைன் மாறவில்லை: ஸ்டேட்டிக் ரூட் போதுமா?

மணிமாறன்: கிளை அலுவலகத்தில் சிஸ்கோ ரூட்டர், இரண்டு பிராட்பேண்ட் லைன். மெயினுக்குக் கையால் எழுதிய (ஸ்டேட்டிக்) டீஃபால்ட் ரூட், அதாவது வெளியே போகும் எல்லாவற்றுக்குமான வழி. பேக்கப்புக்கும் அதே ரூட், டிஸ்டன்ஸ் மட்டும் 250 (எண் பெரிதானால் முன்னுரிமை குறைவு). நேற்று மாலை மெயின் போய்விட்டது. பேக்கப் எழவே இல்லை, மெயின் போர்ட்டில் பச்சை விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. கடுப்பில் மெயின் கேபிளைப் பிடுங்கினேன். உடனே நெட் வந்துவிட்டது!

ஃபைபர் பாண்டி: பிடுங்கியதில் விடை இருக்கிறதே. ரூட்டருக்கும் மீடியா கன்வெர்ட்டருக்கும் (ஃபைபரைச் சாதாரண கேபிளோடு இணைக்கும் பெட்டி) நடுவே இருக்கும் ஒரு முழ கேபிள் நன்றாக இருக்கிறது. தெருவில் ஃபைபர் அறுந்தது ரூட்டருக்கு எப்படித் தெரியும்? ஸ்டேட்டிக்கை விடுங்கள், லைன் தருபவரிடம் பிஜிபி கேளுங்கள்; இரு பக்க ரூட்டர்களும் பேசி வழியைச் சொல்லிக்கொள்ளும் முறை அது.

ரூட்டர் ராணி: சாதாரண பிராட்பேண்டுக்கு யார் பிஜிபி தருவார்கள் பாண்டி சார்? தந்தாலும் எதிர்முனை பேசாவிட்டால் காத்திருக்கும் நேரம், ஹோல்ட் டைம், சிஸ்கோவில் 180 நொடி. மூன்று நிமிடம் அதுவும் சும்மாதான் பார்த்துக்கொண்டிருக்கும். ஐபி எஸ்எல்ஏ (ரூட்டரே லைனைச் சோதிக்கும் வசதி) வைத்து கூகுளின் 8.8.8.8-ஐ பிங் செய்யச் சொல்லி, பதில் வருகிறதா என்று கவனிக்கும் ட்ராக்கில் மெயின் ரூட்டைக் கட்டுங்கள்; பதில் நின்றால் ரூட் விழும். முடிந்தது.

ஃபைபர் பாண்டி: டைமரைக் குறைக்கலாம், பிஎஃப்டி (எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி தட்டிப் பார்க்கும் முறை) சேர்த்தால் ஒரு நொடிக்குள் தெரிந்துவிடும். உங்கள் பிங்கில்தான் வில்லங்கம். மெயின் போனதும் அந்த பிங்கே பேக்கப் வழியாகப் போய்ப் பதில் வாங்கி வரும். ட்ராக் அப், ரூட் மெயினுக்குத் திரும்பும், மறுபடி விழும். விடிய விடிய ஊஞ்சல் ஆடிய ரூட்டரை நான் பார்த்திருக்கிறேன்.

ரூட்டர் ராணி: அதற்குத்தான் 8.8.8.8-க்கு மட்டும் தனியாக ஒரு /32 ரூட், மெயின் கேட்வே வழியாக.

ஃபைபர் பாண்டி: அப்புறம் 8.8.8.8-ஐயே டிஎன்எஸ்ஸாக (தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சர்வர்) வைத்திருக்கும் பிசிகள்? மெயின் போனால் அவற்றுக்கு டிஎன்எஸ்ஸும் போச்சு.

ரூட்டர் ராணி: சரி, அது என் தப்பு. யாரும் டிஎன்எஸ்ஸாக வைக்காத இரண்டு முகவரிகளை எடுங்கள், இரண்டுக்கும் /32 போடுங்கள். இரண்டும் செத்தால்தான் ட்ராக் டவுன். டிலே: ட்ராக் டவுன் ஆக 15 நொடி, திரும்ப அப் ஆக 60. இதற்கெல்லாம் பிஜிபி வேண்டாம் என்பதில் மாற்றமில்லை.

ஃபைபர் பாண்டி: ஒரு கிளைக்குச் சரி. நாற்பது கிளைக்கும் இதையே கையால் எழுதிப் பாருங்கள், அப்போது பேசலாம்.

மணிமாறன்: ராணி அக்கா சொன்னபடி போட்டேன். இந்த முறை கன்வெர்ட்டரில் ஃபைபரை உருவிச் சோதித்தேன். லைன் மாறிவிட்டது. ஆனால் ஐபி போன்கள் மட்டும் ஊமையாகவே இருந்தன. நாட் டேபிளை (உள் முகவரி எந்த வெளி முகவரியாக மாறிப் போகிறது என்ற பட்டியல்) பார்த்தால் பழைய மெயின் முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. டேபிளைத் துடைத்ததும் மணி அடித்தது. ட்ராக் மாறும்போது இதைத் தானாகத் துடைக்க இஇஎம் ஸ்கிரிப்ட் (ஏதாவது நடந்தால் ரூட்டர் தானே இயக்கும் கட்டளைகள்) யாரிடமாவது இருக்கிறதா?